மரத்துக்கு மட்டும் பட்டா

3-1-2012, செவ்வாய்

வெயில். புயல் அடித்துப் போட்ட ஊரில் இப்படி ஒரு வெயில் காய வெட்கமாக இல்லையா. கரண்ட் இன்னும் வரவில்லை. தண்ணீருக்குக் கோயில் கைப்பம்பில் வரிசை. செல்லுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வைத்த கடையில் அதைவிடப் பெரிய வரிசை.

தோப்புக்கு இன்றைக்குத்தான் போக முடிந்தது. வழியெல்லாம் மரம், கம்பி, ஓலை. முந்திரி அத்தனையும் படுத்துவிட்டது. சில முறிந்து, நிறைய வேரோடு சாய்ந்து. அப்பா வைத்த பலாவும். வேர் ஒரு பக்கம் வானத்தைப் பார்க்கிறது, இன்னொரு பக்கம் இன்னும் மண்ணுக்குள்.

அழவில்லை. உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அஞ்சலைதான் கையைப் பிடித்துத் தூக்கினாள். சீசனுக்குச் சீசன் எனக்கு முந்திரிக்கொட்டை உடைக்க வருகிறவள். ஓடைக்கரையில் அவள் குடிசை இருந்த இடத்தில் இப்போது சேறுதான் இருக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி மகள் கலாவை ஸ்கூலில் படுக்க வைத்துவிட்டு, என் மரத்தைப் பார்க்க வந்திருக்கிறாள்.

"தானேன்னு புயலுக்குப் பேரு வச்சானுங்க பாரு டீச்சர். தானே வந்துச்சி, தானே எல்லாத்தையும் வாரிக்கினு பூடுச்சி."

சிரித்துத் தொலைத்தேன். நான் பாடம் நடத்தாத டீச்சர், சத்துணவு போடுகிறவள். அஞ்சலைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

செய்ய வேண்டியது: கிச்சன் ஓடு. பருப்பு மூட்டை நனைந்ததை எழுதி அனுப்புவது. பி.பி. மாத்திரை. தம்பி ஜோசப்புக்கு போன்.

6-1-2012, வெள்ளி

கணக்கெடுப்புக்கு வந்தார்கள். யார் யாருக்கு எவ்வளவு மரம் போச்சு என்று. எல்லாரும் நிலத்துச் சிட்டா அடங்கலோடு நின்றார்கள். நான் கண்ணாடி ஃப்ரேமோடு நின்றேன்.

ஃப்ரேம் விஷயம் அசிங்கம்தான். தோப்பு இருக்கும் மேடு புறம்போக்கு, சர்க்கார் தரை. அப்பா மனு மேல் மனு போட்டுக் கேட்டது நிலம். அவர்கள் கொடுத்தது மரம். 2சி பட்டா என்பார்கள், மரப் பட்டா. மரமும் காயும் உன்னுடையது, கீழே இருக்கும் மண் உன்னுடையது இல்லை. அப்பா அதற்கு ஃப்ரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கேட்கிறவர்களிடம் "பட்டா இருக்கு" என்பார். என்ன பட்டா என்று சொல்ல மாட்டார். அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு மாற்றினேன், ஃப்ரேமை மாற்றவில்லை.

வி.ஏ.ஓ. சின்ன வயசுக்காரர், இரண்டு நாளாகத் தூங்காத முகம். ஃப்ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது மரத்துக்குத்தானே?"

"ஆமா சார்."

"மரம் எங்க?"

"விழுந்துடுச்சு."

"அப்ப..." என்று நிறுத்திக்கொண்டார். நல்ல பிள்ளை, முழுசாகச் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "அப்ப பட்டாவும் விழுந்துடுச்சு." வரிசையே சிரித்தது. புயலுக்குப் பிறகு ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. என்னை வைத்து.

நிவாரணப் பட்டியலில் என் பெயர் இல்லை. முந்திரி ஒட்டுக்கன்று தோட்டக்கலையில் தருகிறார்கள், அதுவும் நிலப் பட்டாக்காரர்களுக்கு மட்டும்.

9-1-2012, திங்கள்

வி.ஏ.ஓ. வழியில் பார்த்து வண்டியை நிறுத்தினார். "மரத்த வெட்டி வித்துடாதீங்க டீச்சர். வெட்டி எடுத்துட்டீங்கன்னா காலி இடம்னுதான் நான் எழுதணும். அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார்.

மர வியாபாரி நேற்று வந்து போனான். செங்கல் சூளைக்கு முந்திரி விறகு. சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கொடுக்கிறார்கள். அவன் சொல்லும் விலைக்குச் சும்மாவே கொடுக்கலாம். மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

12-1-2012, வியாழன்

அஞ்சலையும் நானும் நாள் பூராவும் வேருக்கு மண் அணைத்தோம். மண்ணுக்குள் இருக்கிற வேர் காயக் கூடாது. அண்ணாகிராமத்துப் பக்கம் பெரிய தோப்புக்காரர்கள் ஜே.சி.பி. வைத்துப் பலாவைத் தூக்கி நிறுத்துகிறார்களாம். எங்களுக்கு மண்வெட்டி. அதுவும் ஒன்று.

முறிந்த கிளைகளை மட்டும் கழித்தோம். அவளுக்கு விறகுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். "அடுப்பே இல்ல, விறகு எதுக்கு டீச்சர்?" உண்மைதான்.

ஜோசப் போனில்: "அக்கா, வித்துட்டுச் சிதம்பரத்துக்கு வந்துடு. இங்க மாடியில ரூம் சும்மாதான கெடக்குது." தம்பி காலேஜ் ஆபீஸில் வேலை, நல்லவன். ஆனால் இந்த வீடும் அவன் பெயரில். மாடி ரூமும் அவன் பெயரில். என் பெயர் எழுதியிருக்கிற ஒரே பொருள் அந்த ஃப்ரேம். ரிட்டயர் ஆன பிறகு எனக்குச் சோறு அந்தத் தோப்புதான் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதை அவனிடம் சொன்னால் "நான் இல்லயா அக்கா?" என்பான். அதனால் சொல்வதில்லை.

15-1-2012, ஞாயிறு

பொங்கல். கோயிலில் பொங்கல் வைத்தார்கள். வெல்லம் குறைவு. மழை இல்லை, வெயில் ஜாஸ்தி.

கடைத்தெருவில் என் காதுபட: "டீச்சரம்மா பொணத்த வச்சிக்கினு காவ காக்குது."

கேட்காத மாதிரி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நன்றாகத் திட்டினேன், சுவரைப் பார்த்து.

1-2-2012, புதன்

கரண்ட் வந்தது. வந்த சந்தோஷத்தில் நாலு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டது. இலவச மிக்ஸி பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அம்மியில்தான் சட்னி.

அஞ்சலை சாயங்காலம் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"டீச்சர், எங்களுக்கு எல்லாம் மனைப் பட்டா தர்றாங்களாம். ஓடைக்கரையில இனிமே யாரும் இருக்கக் கூடாதாம். பட்டா வந்தா காங்கிரீட் வூடு. பட்டா இல்லாட்டி வூடு கெடையாதாம்."

"நல்லதுதானே."

"மேட்டுலயாம்."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் தரையைப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. இந்த ஊரில் தண்ணி ஏறாத மேடு ஒன்றுதான். என் தோப்பு.

"யாரு சொன்னா?"

"தலையாரி. காலி எடம் எங்க கீதுன்னு மேல கேட்டாங்களாம். மேட்டுல மரமெல்லாம் விழுந்து காலியாத்தான கெடக்குதுன்னு யாரோ எழுதிக் குடுத்துட்டாங்களாம். நா கேக்கல டீச்சர். சத்தியமா நா கேக்கல."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். போகும்போது டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள், எப்போதும் போல.

22-2-2012, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்றார் ஃபாதர். எந்த மண்ணுக்கு, யார் பெயரில் இருக்கிற மண்ணுக்கு என்று கேட்கத் தோன்றியது. மனசு இப்படிக் கோணலாகப் போகிறது.

அஞ்சலை அன்றைக்குப் பிறகு தோப்புக்கு வரவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. தன் மனையில் கிடக்கிற மரத்துக்கு அவள் ஏன் மண் அணைக்க வேண்டும்.

குறை சொல்லத்தான் தோன்றுகிறது. மத்தியானம் வரைக்கும் கோபமாக இருந்தேன். அப்புறம் ஸ்கூலில் கலாவைப் பார்த்தேன், இன்னும் அங்கேதான், வெறுந்தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். முட்டை இரண்டு எடுத்துக் கொடுத்தேன், கணக்கில் எழுதாமல். கோபம் கொஞ்சம் இறங்கியது. ராத்திரி மறுபடி ஏறிவிட்டது.

11-3-2012, ஞாயிறு

துளிர்!

படுத்த முந்திரியில் துளிர். மண் அணைத்த மரமெல்லாம். கீழே அழுந்திய கிளைகள் மண் பட்ட இடத்தில் வேர்கூட விட்டிருக்கின்றன. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, கெட்டியாகப் பிடித்திருக்கிறது. பலாவில் அடித்தண்டில், தரைக்கு ஒரு முழம் மேலே, பிஞ்சு. கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது, கிறிஸ்தவச்சி ஆச்சே என்று சிலுவை போட்டேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல அஞ்சலைதான் இருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது.

ஜோசப்பிடம் சொன்னேன். "சரிக்கா" என்றான். அவனுக்குத் துளிரும் ஒன்றுதான், தாளிப்பும் ஒன்றுதான்.

6-4-2012, பெரிய வெள்ளி

கஞ்சி. வெயில் தாங்கவில்லை.

கலாவுக்குப் பெண் குழந்தை, கடலூர் ஜி.ஹெச்.சில். நல்லபடியாக. அஞ்சலை கோயில் வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும். "பாப்பா யாரு மாதிரி?" "எல்லாம் அவுங்கப்பன் மாதிரிதான், மூக்கே இல்ல." அவ்வளவுதான். மேட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

21-4-2012, சனி

சிதம்பரம். பஸ்ஸில் நின்றுகொண்டே. முழங்கால் வீங்கிவிட்டது.

ஜோசப் வீட்டில் கிள்ளையிலிருந்து வாங்கி வந்த இறாலில் தொக்கு. அவன் பெண்டாட்டி நல்ல கைப்பக்குவம், எனக்குத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் சண்டை.

"நெலமே ஒனக்கில்லக்கா. விழுந்த மரத்தக் கட்டிக்கினு அழுவுற. அவுங்க வூடு இல்லாதவுங்க. குடுத்துட்டுப் போயேன்."

"ஒன் மாடி ரூமக் குடேன் அவுங்களுக்கு."

எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். எனக்கும் வாய் ஜாஸ்தி.

ஆனாலும் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனான். அவன் மாமனாருக்குத் தெரிந்தவர், தாலுக்கா ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், கீழவீதிக்குப் பின்னால் வீடு. ஃப்ரேமோடு போனேன். வரும்போது பஸ்ஸில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒருத்தி "சாமி படமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவர் கேட்டார்: "பி மெமோ வச்சிருக்கீங்களா?" புறம்போக்கில் ஆக்கிரமிப்பு பண்ணினால் வருகிற அபராத நோட்டீஸ் அது. வெளிப்பார்வைக்கு அவமானம். ஆனால் வருஷா வருஷம் அபராதம் கட்டினவர்களுக்குத்தான் இத்தனை வருஷம் இங்கே இருந்தேன் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பின்னால் நிலப் பட்டாவே வாங்கிவிட்டார்கள் பல பேர்.

"அப்பா கட்ட மாட்டேன்னுட்டாரு சார். நான் என்ன திருடனா, எங்கிட்ட பட்டா இருக்குன்னு சொல்லிட்டாரு."

"ஐயோ பாவம்" என்றார் அவர். அவ்வளவு இயல்பாக. அதுதான் சுருக்கென்றது. கௌரவமாக இருந்ததற்கு இதுதான் கூலி. வேலி போட்டு வளைத்தவனுக்கு நிலம், மரியாதையாக மனு கொடுத்தவனுக்கு மரம்.

பிறகு கண்ணாடி போட்டுப் படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. "நிற்கும் மரங்களின் பலனை அனுபவித்துக்கொள்ள. இந்த ஒரு வார்த்தைதாம்மா. நிற்கும். மரம் நிக்குதுன்னு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. எழுதிட்டாருன்னா அந்த எடத்த வேற யாருக்கும் மனை போட முடியாது. நிக்கலன்னா முடிஞ்சுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அதே. நிற்கும். நிக்குது. நிக்குதா? என்னாலேயே நிற்க முடியவில்லை.

15-5-2012, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும். கை வலிக்கிறது.

ஆர்.ஐ. வந்தார். வி.ஏ.ஓ., தலையாரி, சர்வேயர், அளக்கும் சங்கிலி. பின்னாலேயே ஓடைக்கரை ஜனம் அத்தனையும். அஞ்சலை, அவள் வீட்டுக்காரன், பாப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கலா. யாரும் என் பக்கம் நிற்கவில்லை. ஏன் நிற்பார்கள்.

ஆர்.ஐ. கெட்டவர் இல்லை. சலித்துப் போனவர். குடை பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இதெல்லாம் நிக்கிற மரமா? எல்லாம் படுத்துக் கெடக்குதே."

"தழைஞ்சிருக்கு சார், பாருங்க. பலா காய் புடிச்சிருக்கு."

"காய் புடிக்கட்டும். நிக்குதா?"

தலைக்கு மேல் வெயில், ஒரு பக்கம் முழங்கால், ஒரு பக்கம் அத்தனை பேர் பார்க்கிறார்கள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

"சார், எங்கப்பா ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாரு. எழுந்து நிக்கலன்னு ரேஷன் கார்டுல பேர அடிச்சீங்களா? செத்துட்டாருன்னு எழுதினீங்களா? வேர் மண்ணுல இருக்கு, மேல எல இருக்கு, காய் இருக்கு. படுத்துக்கினு இருக்கிறவன் உசிரோட இல்லியா? இழுத்துப் பாருங்க சார். ஒங்க ஆளு அத்தன பேரும் சேந்து இழுங்க. வந்துட்டா நானே போறேன்."

கத்திவிட்டேன். தலையாரி நிஜமாகவே ஒரு கிளையை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. ஆர்.ஐ. சிரித்துவிட்டார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீங்க" என்றார்.

வி.ஏ.ஓ. எழுதினார்: சாய்ந்த நிலையில், வேர் பிடித்து, பலன் தரும் மரங்கள் நிற்கின்றன. "நிற்கின்றன" என்று எழுதும்போது என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டினார். அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. அஞ்சலை வீட்டுக்காரன் யாரையும் பார்க்காமல் சொன்னான். "படுத்த மரத்துக்கு எடம் இருக்குது. நிக்கிற மனுசனுக்குத்தான் இல்ல."

அஞ்சலை பாப்பாவைக் கலாவிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள். அந்த மரங்களுக்குப் பாதி மண் அணைத்தது அவள் கை. இதை அவளும் நினைத்திருப்பாள்.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. தூக்கமும் இல்லை.

6-6-2012, புதன்

பண்ருட்டியில் ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க் கணக்கெல்லாம் சரிபார்க்கிற நாள். ஷாமியானா, ஃபேன், மோர். மனு கொடுக்கிற கூட்டம்.

ஓடைக்கரைக் குடும்பங்களுக்கு மனைப் பட்டா கொடுத்தார்கள், மேட்டுக்குப் பதில் பள்ளத்துத் தரிசில். ஓடையிலிருந்து கூப்பிடு தூரம். ஐப்பசியில் முழங்கால் தண்ணி நிற்கிற இடம் என்று ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். கோடையில் வந்து பார்த்தால் யாருக்குத் தெரியும். பட்டா பெண்கள் பெயரில். அஞ்சலை பெயரைக் கூப்பிட்டதும் போய் வாங்கினாள்.

நிலப் பட்டா. அப்பா ஆயுசு பூராவும் கேட்டது.

பொறாமைதான். மறைப்பானேன். அவளுக்கு நிலம் கிடைத்தது, தண்ணிக்குள்ளே. எனக்கு மேடு, ஆனால் மரம் மட்டும்.

நானும் மனு கொடுத்தேன், மரம் நிற்கிற தரைக்கும் பட்டா வேண்டும் என்று. "பரிசீலிக்கப்படும்" சீல். சீல் நல்ல கருப்பாக விழுந்தது.

வெளியே வரும்போது அஞ்சலை எதிரே வந்தாள். "ஃப்ரேம் போட எவ்ளோ ஆவும் டீச்சர்?" கேலியா, நிஜமா, தெரியவில்லை. "போடாத" என்றேன். "பெட்டியில வை."

14-8-2012, செவ்வாய்

நாளைக்குக் கொடியேற்றம், மிட்டாய். ஆடி முடிகிறது. கரண்ட் பகலில் எட்டிப் பார்ப்பதே இல்லை.

பள்ளத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். அதோடு நிற்கிறது. அடுத்த பில் பாஸானால்தான் சுவர். அதுவரை அஸ்திவாரத்துக்குள் ஓலைக் கொட்டகை. அஞ்சலை இந்த சீசனில் கொட்டை உடைக்க வரவில்லை. கொட்டையும் கொஞ்சம்தான். பலா மூன்று பழுத்தது. ஒன்றை அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பவில்லை. வந்தது என்றும் சொல்லவில்லை.

ஒட்டுக்கன்று கேட்டு மறுபடி போனேன். மறுபடி சிட்டா கேட்டார்கள். மறுபடி வந்தேன்.

31-10-2012, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. வேறு ஒரு புயலாம், மகாபலிபுரம் பக்கம் போகுமாம். இங்கே மழை மட்டும் என்கிறது ரேடியோ. மட்டும்!

ஸ்கூல் லீவு. பலாவுக்கு முட்டுக் கொடுத்த கழியைப் பார்க்கத் தோப்புக்குப் போனேன். கழி நிற்கிறது. மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளம் முழுக்கச் செம்மண் தண்ணி. அஸ்திவாரங்கள் தெரியவில்லை. கொட்டகைக் கூரை மட்டும் சிலது, மிதக்கிற மாதிரி.

பள்ளத்துக்கு ஓடிப் போக முழங்கால் இல்லை. கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் ஹாலைத் திறக்கச் சொன்னேன். ஹால் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அஞ்சலை அதில் இல்லை.

1-11-2012, வியாழன்

மழை குறையவில்லை. நாளைக்குக் கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையைக் கழுவி வெள்ளையடிக்க வேண்டும் என்று சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தேன். அவருக்கு ஆறடி இருக்கிறது. அதுவும் பங்குக் கோயில் பெயரில்.

காலையில் தோப்புக்குப் போனேன். பலா மரத்தடியில் ஆள்.

அஞ்சலை. கலா. சாக்கில் சுற்றிய பாப்பா. இரண்டு குடம், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஆடு. படுத்திருக்கும் பலாவின் தண்டில் நீல ஷீட்டைக் கட்டி, மறுபக்கத்தை இழுத்துக் கட்ட முடியாமல் அவளும் வீட்டுக்காரனும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் வீட்டுக்காரன் தலையைத் திருப்பிக்கொண்டான். அஞ்சலை திருப்பவில்லை. நேராகப் பார்த்தாள். ஜமாபந்திக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

அவளே சொன்னாள், மழைச் சத்தத்துக்கு மேலே.

"மரத்த தொடல டீச்சர். கயிறு மட்டுந்தான். மரந்தான ஒங்குளுது? நாங்க தரையிலதான இருக்கிறோம்."

பட்டாவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஷீட்டின் மறுமுனையைப் பிடித்தேன். சாய்ந்த முந்திரிக் கிளை ஒன்றைக் காட்டினேன், வேர் விட்ட கிளை, கெட்டியானது. "இதுல கட்டு" என்றேன். கட்டினாள்.

பாப்பாவுக்கு இருமல். வீட்டில் டானிக் இருக்கிறதா பார்க்க வேண்டும்.